ஜி-ஏழாம் குழி

மாதவரம் பால் பண்ணைக்குப் பின்னால் எலி வீடு.
குளித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்,
குளித்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும்.
கோயிலா, இழவு வீடா என்று
என் தங்கச்சி கேட்பாள்.

மூன்றாம் அறையில் நானூற்றுப் பன்னிரண்டு எலிகள்.
ரோமமில்லாதவை. சுருக்கம் விழுந்த கழுத்து,
பிறந்த அன்றே பென்ஷன் வாங்கியவைபோல்.
புற்றுக்கட்டி வளர்க்க வந்தவை.
காய்ச்சல் வந்துபோனாலும்
அவற்றின் ரத்தம் எதையும் குறித்துவைக்காது.

அதனால் ஒரு காவல் எலி.
கறுப்பு. உடம்பெல்லாம் ரோமம்.
வாரம் ஒருமுறை மற்றக் கூண்டுகளின் அழுக்கு உமியை
ஒருபிடி அள்ளி இவன் கூண்டில் கொட்டுவார் ஏகாம்பரம்.
அவர்கள் மூத்திரத்தில் படுத்து
அவர்கள் நோயைத் தான் வாங்கி
ரத்தத்தில் எழுதிவைக்க வேண்டும்.
அதுதான் உத்தியோகம்.

அந்த எழுத்துக்குப் பாடப்புத்தகத்தில் பிறபொருளெதிரி.
எங்கள் வாயில் ஆன்டிபாடி.
ஏகாம்பரம் சொல்வது: சாட்சி.

நவம்பர். மூன்று நாளாய் மழை,
மூலக்கடையில் முழங்கால் தண்ணீர்.
தொண்ணூற்றாறு குழிப் பிளேட்டில்
ஓரத்துக் குழிகளை நான் நம்புவதில்லை,
சீக்கிரம் காய்ந்து பொய் சொல்லும்.
உள்ளே இருக்கும் அறுபதில்
வைரஸைப் பூசி, சீரம் விட்டு,
கழுவி, ஊற்றி, கழுவி,
கடைசியில் நிறமூட்டி.
ஜி-ஏழு நீலமானது.
அமிலம் விட்டதும் மஞ்சள்,
விரலில் ஒட்டிக்கொள்ளும்போல
அத்தனை மஞ்சள்.

ஹெப்சிபா மேடம் எண்ணைப் பார்த்தார்.
ஒன்று புள்ளி ஒன்பது.
எங்கள் எல்லைக்கோடு பூஜ்யம் புள்ளி மூன்று.
'அறையக் காலி பண்ணிடலாம்.'
காலி என்றால் கார்பன் டை ஆக்சைடு.
'ஒரு நாள் கொடுங்க மேடம்.'
'வைரஸ் லீவு எடுக்காது, தமயந்தி.'
ஆனாலும் கொடுத்தார்.

அன்றிரவு யோசித்தது இவ்வளவுதான்:
வைரஸை நாங்கள் காற்றில் வளர்க்கவில்லை.
செல்லுக்குள் வளர்த்து, செல்லை உடைத்து,
அந்தச் சாற்றைத்தான் பூசினோம்.
குழம்போடு சட்டியும் கரைந்து வந்திருந்தால்?
சீரம் அடையாளம் காட்டியது
குழம்பையா, சட்டியையா?

வைரஸே படாத வெறும் செல்லை
ஒரு வரிசை பூசினேன்.
கரண்டு இரண்டு முறை போய் வந்தது.
ஒன்று புள்ளி எட்டு.
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மஞ்சள்.
கழித்தால் கையில் ஒன்றுமில்லை.

சந்தோஷப்பட முடியவில்லை.
எங்கேயோ வளர்ந்த இந்தச் செல்லை
காவல் எலி எங்கே பார்த்திருக்கும்?

ஏகாம்பரம் அதன் காதைத் திருப்பிக் காட்டினார்.
காவல் எலிக்கு ஒரு வெட்டு. இதற்கு இரண்டு.
'பழசு ஜூலையிலயே செத்துப்போச்சும்மா.
தடுப்பூசி சோதனைல மிஞ்சுனது இது.
நோட்டுல முடிச்சாச்சுன்னு எழுதிட்டேன்.
கை வரல.
இங்க கொண்டாந்து வுட்டேன்.'

அந்தத் தடுப்பூசியும்
இதே செல்லில் வளர்ந்ததுதான்.

ஆக, எலி பொய் சொல்லவில்லை.
பிளேட்டும் சொல்லவில்லை.
உனக்கு இவனைத் தெரியுமா என்று கேட்டபோது
இவன் குடியிருந்த வீட்டையும் சேர்த்துக் காட்டியிருக்கிறோம்.
வீட்டைத் தெரியும் என்றது.

இப்போது ஒவ்வொரு சீரத்துக்கும் இரண்டு குழி,
வைரஸோடு ஒன்று, வைரஸில்லாமல் ஒன்று.
செலவு இரட்டிப்பு என்று முனகிக்கொண்டே
மேடம் கையெழுத்துப் போட்டார்.
ஏகாம்பரத்துக்கு மெமோ.
மூன்றாம் அறை தை மாதம்வரை இருக்கும்.
அதற்குப் பிறகு அது கட்டிகளின் கணக்கு.

மழை விட்ட அன்று பஸ்ஸில்தான் உறைத்தது.
மஞ்சளானவனைத்தான் விசாரித்தோம்.
நிறமேறாத ஐம்பத்துச் சொச்சம் குழிகளை
நிறுத்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
தண்ணீராய் நின்றவை எல்லாம்
தெரியாது என்று சொன்னவையா,
இல்லை, எங்களுக்குக் கேட்கவில்லையா?

மூலக்கடையில் இறங்கினேன்.
சேற்றைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றேன்,
மறுபடி மாதவரம் போகும் வண்டிக்கு.